எஞ்சிய அன்னமும் நமது கடமையும்

திருமண வீடுகளிலும் திருவிழா மடங்களிலும் பந்தி முடிந்தபின் அன்னம் எஞ்சுதல் இயல்பு. அது குழியிற் கொட்டப்படும் அதே இரவில், அவ்வூரிலேயே உலையேற்றாத வீடும் உண்டு. இவ்விரண்டையும் இணைக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

எஞ்சியது வேறு, எச்சில் வேறு. பரிமாறப்படாது பாத்திரத்தில் நிற்பது எஞ்சியது. இலையிற் பட்டது எச்சில். முன்னையது தானத்துக்குரியது, பின்னையது எருக்குழிக்குரியது. “ஏழைகளுக்கு இதுவே போதும்” என்றெண்ணிப் பின்னையதை ஈதல் தானமன்று, அவமதிப்பேயாம்.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை, 2022இல் தோல், எலும்பு முதலியன உட்பட ஏறக்குறைய 105 கோடி தொன் உணவு உலகில் வீணாயிற்றென்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலேயே கழிந்ததென்றும் கூறுகின்றது. அதே 2022இல் இலங்கையிற் பொருள்விலை பெரிதும் ஏற, உண்ணும் வேளையைக் குறைத்த குடும்பங்கள் பல. ஆதலின் இது பிறநாட்டார் குற்றமென்று நாம் வாளாவிருத்தல் கூடாது.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜோன் வான் ஹெங்கல் என்பார், கடைகள் கழித்த நல்லுணவைச் சேர்த்து வறியோர்க்குதவும் நிலையங்களுக்கு வழங்க, 1967இல் முதலாவது உணவு வங்கியை நிறுவினார். பிரான்சு தேசம் 2016இல், பெருங்கடைகள் உண்ணத்தக்க உணவை அழித்தலைச் சட்டத்தால் விலக்கிற்று. நம்மவர்க்கும் இவ்வழி புதிதன்று. 1877இற் பஞ்சமுற்ற யாழ்ப்பாணத்தில், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் நடாத்திய கஞ்சித்தொட்டித் தருமத்தை யார் அறியார்?

இனிச் செய்யுமுறை கூறுவாம்.

1. விருந்துக்கு முன்னரே இப்பணிக்கு ஒருவரை நியமித்து, பெறுவோர் இல்லங்களையும் அறிந்துகொள்க. பந்தி முடிந்தபின் ஆள் தேடத் தொடங்கின், அன்னம் கெட்டுவிடும்.

2. சமைத்த உணவைச் செல்சியசு 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலாயினும், 5 பாகைக்குட்பட்ட குளிரிலாயினும் வைத்திருத்தல் வேண்டும். அஃதியலாதவிடத்து இரண்டு மணித்தியாலத்துக்குள், கடுவெயிற்காலத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள், உண்போர் கையிற் சேர்ப்பிக்க. ஆறிக்கிடக்கும் சோற்றிற் கிருமிகள் பெருகி உண்டாக்கும் நஞ்சொன்று, மீளக் கொதிக்கவைப்பினும் நீங்காது.

3. நாம் உண்ணத் துணியாததைப் பிறர்க்கு ஈயற்க. ஐயமுற்றதை எருவாக்குக.

4. வறியோரை வீதியில் வரிசையாக நிறுத்திப் படம்பிடித்தல் ஆகாது. மூடிய பாத்திரத்தில், உறவினர் வீட்டுக்குப் பலகாரங் கொண்டுசெல்வார்போல, வாயிலிற் சென்று கொடுக்க.

5. அடுத்த விருந்தில் எஞ்சிய அளவை நினைந்து அரிசியைக் குறைத்திடுக. மிகாமற் சமைத்தலே தலையாய காப்பு. மிச்சப்பட்ட பணத்தாற் புத்தம்புதிதாகச் சமைத்தும் ஈயலாம்.

இளையான்குடிமாற நாயனார், அன்று விதைத்த நெல்லை மழையிருளில் வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கினார். வயலில் வித்திய நெல்லையும் பசித்தவர்க்கென்று மீட்ட அவ்வடியாரைப் போற்றும் நாம், சமைத்து முடிந்த சோற்றைக் குழியிற் கொட்டுதல் தகுமோ? அன்பர்களே! அடுத்த விழாவிலேயே இதனைத் தொடங்குவீர்களாக.