வியட்நாம் டிரிப்: இ.எம்.ஐ இல்லாம போய், நிம்மதியா திரும்பி வர ஒரு முழுக் கணக்கு

நம்ம சேனலில் சம்பளக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வியட்நாம் போறாங்க. கையில பணம் இல்லை. டிராவல் லோன் எடுக்கலாமா?"

ஒரே வரியில் பதில்: வேண்டாம். ஆனா "போகாதீங்க" என்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு புது நாட்டைப் பார்ப்பது வீண் செலவு கிடையாது. அந்தச் செலவுக்கான பணம் போறதுக்கு முன்னாடி வருதா, போயிட்டு வந்த பிறகு வருதா என்பதுதான் விஷயம். வீடியோவில் வேகமா சொன்ன கணக்கை இங்கே பொறுமையா போட்டுப் பார்ப்போம்.

டிக்கெட் போடும் முன் மூணு கேள்வி

முதல் கேள்வி: மூணு மாசச் செலவுக்கான பணம் தனியா இருக்கா? வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது, இருக்கிற இ.எம்.ஐ எல்லாம் சேர்த்து. டிரிப் பணமும் அவசரப் பணமும் ஒரே கணக்கில் இருந்தா, அவசரப் பணம்தான் முதலில் கரையும்.

இரண்டாவது: கிரெடிட் கார்டில் "மினிமம் டியூ" மட்டும் கட்டிக்கிட்டு இருக்கீங்களா? அதுக்கு வருஷத்துக்கு 36% முதல் 42% வரை வட்டி ஓடிக்கிட்டு இருக்கும். அதை அடைச்சுட்டு வாங்க.

மூணாவது: உங்களை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கா? நீங்க ஹோய் ஆனில் விளக்கு பார்த்துக்கிட்டு இருக்கும்போது ஊரில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தா, டிரிப்புக்குக் கட்டின பணத்தில் பாதி திரும்ப வராது. காப்பீடு இருந்தா கவலை மட்டும்தான். இல்லைன்னா கவலையோட கடனும் வரும்.

மூணுக்கும் "ஆமாம், சரியா இருக்கு" என்றால் மேலே படிங்க. இல்லைன்னா இந்த வருஷ டிரிப்பை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. வியட்நாம் எங்கேயும் ஓடிப்போகாது.

எவ்வளவு ஆகும்?

ஒரு ஆளுக்கு, ரூமை இன்னொருத்தரோட பகிர்ந்து, 7 நாள். கீழே இருப்பது திட்டமிட நான் வைக்கும் தோராயக் கணக்கு. உங்க தேதிக்கு ஏற்ப மாத்திக்குங்க.

விமான டிக்கெட், போக வர: 28,000 ரூபாய்
விசா: 2,200
பயணக் காப்பீடு: 1,000
தங்குமிடம், 6 இரவு: 9,000
சாப்பாடு, 7 நாள்: 8,400
ஊர் விட்டு ஊர் போக: 5,000
உள்ளூர் டாக்ஸி, பைக்: 3,500
நுழைவுச் சீட்டு, டூர்: 7,000
ஷாப்பிங்: 5,000

கூட்டினா 69,100. எதிர்பாராததுக்கு 10,900 சேர்த்து 80,000 என்று வச்சுக்குவோம்.

இந்த 80,000-ஐ 16% வட்டியில் 24 மாத பர்சனல் லோனா எடுத்தா, மாச இ.எம்.ஐ சுமார் 3,917 ரூபாய். மொத்தம் கட்டுறது 94,000-க்குப் பக்கம். 2% பிராசசிங் கட்டணமும் அதுக்கு ஜி.எஸ்.டி-யும் 1,888 ரூபாய். ஆக கூடுதலா போறது கிட்டத்தட்ட 16,000.

அதே டிரிப்புக்கு மாசம் 8,000 ரூபாய், 10 மாசம் ஆர்.டி போடுங்க. 6.5% வட்டின்னா சுமார் 2,400 ரூபாய் உங்களுக்கு வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 18,000-க்கும் மேல. வியட்நாமில் ஆறு இரவு தங்குற செலவைப் போல இரண்டு மடங்கு!

"நோ காஸ்ட் இ.எம்.ஐ இருக்கே சார்?" பெரும்பாலும் அதில் வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி உங்க கார்டு பில்லில் வரும். பிராசசிங் கட்டணமும் இருக்கலாம். முழுத் தொகையையும் எழுதிக் கூட்டிப் பார்க்காம பட்டனை அமுக்காதீங்க.

இன்னொண்ணு. 10 மாசத்தில் தேவைப்படும் பணத்தை ஷேரிலோ ஈக்விட்டி ஃபண்டிலோ போடாதீங்க. ஆர்.டி அல்லது லிக்விட் ஃபண்ட் போதும். மார்க்கெட் விழுந்த மாசத்தில்தான் டிக்கெட் போட வேண்டியிருந்தா என்ன செய்வீங்க?

வரி விஷயத்தில் மூணு பாடம்

ஒன்று, எல்.டி.ஏ. "கம்பெனி எல்.டி.ஏ கொடுக்குது, வியட்நாம் பில்லை வச்சுக் கிளெய்ம் பண்ணலாமா?" முடியாது. எல்.டி.ஏ விலக்கு இந்தியாவுக்குள்ள போகும் பயணச் செலவுக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில் இருந்தா. வெளிநாடு சுத்தி இந்தியாவுக்குள்ள வந்த பயணத்துக்கும் விலக்கு கிடையாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இரண்டு, டி.சி.எஸ். டூர் கம்பெனியிடம் வெளிநாட்டு பேக்கேஜ் எடுத்தா, விலைக்கு மேல டி.சி.எஸ் என்று ஒரு தொகை வாங்குவாங்க. 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%. இந்த விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது, அதனால புக் பண்ணும் அன்னைக்கு என்ன விகிதம் என்று பாருங்க. 5% கணக்கில், தம்பதி 1.5 லட்சம் ரூபாய் பேக்கேஜ் எடுத்தா 7,500 ரூபாய் டி.சி.எஸ்.

இது செலவு இல்லை, உங்க பேரில் முன்கூட்டியே கட்டின வரி. 26ஏ.எஸ் படிவத்தில் தெரியும். ஐ.டி.ஆர் போடும்போது கழிச்சுக்கலாம், கூடுதலா இருந்தா ரீஃபண்ட் வரும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். 2024 அக்டோபரில் 12பி.ஏ.ஏ என்ற படிவம் வந்தது. அதில் இந்த டி.சி.எஸ் விவரத்தை எழுதி ஹெச்.ஆரிடம் கொடுத்தா, சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்-ஐ அந்த அளவுக்குக் குறைப்பாங்க. பலருக்கு இது தெரியாம பணம் மாசக்கணக்கில் தூங்குது. பேக்கேஜ் புக் பண்ணும்போது உங்க பான் எண்ணைச் சரியா கொடுங்க. நண்பனோட பான் கொடுத்தா கிரெடிட் நண்பனுக்குத்தான் போகும்.

டிக்கெட்டை மட்டும் தனியா, ஹோட்டலை மட்டும் தனியா நீங்களே போட்டா அது "பேக்கேஜ்" ஆகாது. டிக்கெட், தங்குமிடம், அது மாதிரியான மற்ற செலவு, இதில் குறைஞ்சது இரண்டு ஒண்ணா இருந்தாத்தான் பேக்கேஜ்.

மூணு, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு நிதியாண்டில் 2 லட்சத்துக்கு மேல செலவு செஞ்சா, வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஐ.டி.ஆர் போடணும். அப்பா அம்மாவையும் உங்க செலவில் கூட்டிட்டுப் போறவங்க இதைக் கவனிங்க.

விசாவும் பெயரும்

வியட்நாமுக்கு இ-விசா போதும். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை செல்லும். நடுவில் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துட்டுத் திரும்ப வியட்நாம் வர்ற பிளான் இருந்தா 50 டாலர் விசா எடுங்க.

அரசுத் தளத்தில் மட்டும் போடுங்க. அதே மாதிரி பெயர் வச்ச ஏஜென்ட் தளங்கள் நிறைய இருக்கு, இரண்டு மூணு மடங்கு வாங்குவாங்க. கட்டின கட்டணம் திரும்ப வராது. பாஸ்போர்ட் குறைஞ்சது ஆறு மாசம் செல்லணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. நம்மில் பலருக்கு குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியா இருக்கும். டிக்கெட், விசா இரண்டிலும் பெயர் பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகணும். சந்தேகம் இருந்தா விமான நிறுவனத்திடம் புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க. இனிஷியலை இஷ்டத்துக்கு விரிச்சு எழுதாதீங்க.

எப்போ போகலாம்?

வியட்நாம் நீளமான நாடு. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு ரயிலில் 1,726 கிலோமீட்டர். அதனால ஒரே மாசத்தில் மூணு விதமான வானிலை இருக்கும். டா நாங், ஹோய் ஆன் இருக்கும் நடுப்பகுதியில் அக்டோபர், நவம்பரில் கனமழை, வெள்ளம். பிப்ரவரி கடைசி முதல் மே வரை நல்லா இருக்கும். தெற்கில் மே முதல் அக்டோபர் வரை மழை. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் வரும் டெட் புத்தாண்டு நமக்குப் பொங்கல் மாதிரி. எல்லாரும் ஊருக்குப் போவாங்க, டிக்கெட் விலை ஏறும், கடைகள் மூடியிருக்கும். முதல் தடவை போறவங்க அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

7 நாளில் ஹனோய், ஹா லாங், டா நாங், சாய்கோன் எல்லாம் பார்க்கணும்னு ஓடாதீங்க. ஒவ்வொரு ஊர் மாற்றமும் பணம், அரை நாள், தூக்கம் மூணையும் எடுத்துக்கும். டா நாங் பக்கம் மூணு நாள், ஹோ சி மின் நகரில் மூணு நாள் போதும்.

பணத்தை எப்படிக் கொண்டு போறது?

சாதாரண கார்டில் வெளிநாட்டில் செலவு செஞ்சா 3.5% வரை மார்க்-அப், அதுக்கு ஜி.எஸ்.டி. 40,000 ரூபாய்க்கு 1,400-ம் 252-ம் சேர்ந்து 1,652 ரூபாய் போயிடும். மார்க்-அப் இல்லாத கார்டு ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணுங்க. கடையில் மெஷின் "ரூபாயில் கட்டலாமா, டாங்கில் கட்டலாமா" என்று கேட்டா டாங் என்று சொல்லுங்க. ரூபாய் என்றால் மோசமான ரேட் வரும். கொஞ்சம் டாலர் கையில் இருக்கட்டும், அங்கே பேங்கிலோ உரிமம் உள்ள கவுண்டரிலோ மாத்துங்க. ஓ.டி.பி வர்றதுக்கு உங்க இந்திய சிம்மில் ரோமிங் இருக்கணும்.

ஒரு ரூபாய்க்கு சுமார் 300 டாங். கணக்குக்கு எளிய வழி: கடைசி மூணு சைபரை மறந்துடுங்க, மீதியை 3-ஆல பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்குங்க. 60,000 டாங் என்றால் 60 பெருக்கல் 3, 180. அதாவது 200 ரூபாய்க்குப் பக்கம்.

முக்கியமான எச்சரிக்கை: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். ராத்திரி அவசரத்தில் மாத்திக் கொடுத்தா 67 ரூபாய்க்குப் பதிலா 1,667 ரூபாய் போகும். 5,00,000 நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வைங்க.

காசு குறைவு, சந்தோஷம் அதிகம்

டா நாங்கிலிருந்து ஹுவே போகும் ரயில் ஹாய் வான் கணவாய் வழியா கடலை ஒட்டிப் போகும். சுமார் மூணு மணி நேரம். ஜன்னல் சீட் பிடிங்க. காசு கொடுத்துப் போகும் பல டூர்களை விட இது நல்ல அனுபவம்.

ஹோய் ஆன் 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக ஊர். சந்திரக் கணக்கில் 14-ம் நாள் இரவு விளக்குகள் மட்டும் எரியும், உங்க தேதியோட பொருந்துதான்னு பாருங்க. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மீ சோன். சம்பா அரசர்கள் கட்டிய செங்கல் சிவன் கோயில்கள், சமஸ்கிருதக் கல்வெட்டுகள். நம்ம தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செஞ்சிருக்கு.

ஹோ சி மின் நகரில் போர் நினைவு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்க. அதே நகரின் நடுவில், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. இப்போ உள்ளூர் வியட்நாமியர்களும் வந்து வேண்டிக்கிறாங்க. நுழைவுக் கட்டணம் இல்லை.

சைவம் சாப்பிடுறவங்க "சாய்" என்ற சொல்லைக் கத்துக்குங்க, அங்கே சைவத்துக்கு அதுதான் பெயர். காய்கறி டிஷ் என்று வாங்கினாலும் மீன் சாஸ் கலந்திருக்கும், அதனால சாய் என்று போர்டு வச்ச கடையைத் தேடுங்க. காபி மட்டும் எங்கே குடிச்சாலும் நல்லா இருக்கும். உலகக் காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த நாடு இது.

கேங்கா போறவங்களுக்கு

ஒருத்தர் கார்டில் எல்லாரும் செலவு பண்ணி, திரும்பி வந்து மூணு மாசம் "டேய், காசு அனுப்புடா" என்று கேட்பதுதான் பல நட்புகளைக் கெடுக்குது. போறதுக்கு முன்னாடி ஆளுக்கு 15,000 ரூபாய் பொதுப் பணமா ஒருத்தரிடம் கொடுத்துடுங்க. ரூம், டாக்ஸி அதிலிருந்து. மீதி அவரவர் விருப்பம். யாராவது "எனக்கு இந்த டூர் வேண்டாம்" என்று சொன்னா வற்புறுத்தாதீங்க. அவருக்கு ஊரில் என்ன கடன், என்ன பொறுப்பு என்று நமக்குத் தெரியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மேலே இருக்கும் ஒன்பது வரிகளை ஒரு தாளில் எழுதி, உங்க எண்களைப் போடுங்க. மொத்தத்தைப் பத்தால் வகுங்க. வர்ற தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி-க்குப் போற மாதிரி செட் பண்ணுங்க. அந்தத் தொகை பாரமா தெரிஞ்சா, பத்து மாசத்தைப் பதினைந்து மாசம் ஆக்குங்க. கடன் வாங்குறதை விட அஞ்சு மாசம் காத்திருப்பது மலிவு.

திரும்பி வந்த திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது உங்க கணக்கில் இ.எம்.ஐ பிடிக்கிற மெசேஜ் எதுவும் வரக்கூடாது. போட்டோ மட்டும்தான் இருக்கணும்.