மழை ஓய்ந்த பின் வரும் வெள்ளம்

பருவகால ஆலோசனை: ஜாரியா, ராணிகஞ்ச் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு, அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை

தாமோதர் பள்ளத்தாக்கிலிருந்து தென்மேற்குப் பருவமழை விலகும் வாரத்திலேயே, மழைக்கென்று இறக்கிய கூடுதல் பம்புகளைக் கழற்றி வேறிடத்துக்கு அனுப்பும் பேச்சு தொடங்கிவிடும். இப்போதைக்கு வேண்டாம். நிலத்தடி நீர்மட்டம் ஆண்டின் உச்சத்தில் நிற்பது இந்த வாரங்களில்தான்.

பராக்கர் மணற்கல் தானாக அதிக நீரைக் கடத்தாது. வெடிப்புகளின் வழியாகத்தான் நீர் இறங்குகிறது. தூண்களை எடுத்துக் கூரையை விழவிட்ட பகுதிகளில் வெடிப்புகள் தரைமட்டம் வரை எட்டியிருந்தால், மேலே பெய்த மழை சில நாட்களிலேயே சம்ப்பில், அதாவது சுரங்க நீர் சேரும் குழியில், தெரியும். கூரை நிற்கும் பகுதிகளில் அதே மழை வாரக்கணக்கில் தாமதித்து வரும். ஆகவே சம்ப் பதிவேடு, மழைமானி அளவு, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் மூன்றையும் வாரவாரம் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். மழைக்கோடு விழுந்த பிறகும் நீர்வரத்துக் கோடு ஏறினால், எந்தப் பகுதியிலிருந்து என்று தேடுங்கள். பம்பின் பலகையில் பொறித்த திறனைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். தேய்ந்த பம்பு அந்த அளவைத் தராது. வடிகாலில் முக்கோண வெட்டுள்ள தடுப்புப் பலகை வைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மழைக்கால வெள்ளத்தை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. 1995 செப்டம்பரில் காத்ரி ஆறு பெருகி கஸ்லிடாண்ட் சுரங்கத்துக்குள் பாய்ந்ததில் 64 பேர் இறந்தார்கள். சுரங்க வாய், அந்த இடத்தின் உச்ச வெள்ள மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இந்த வட்டாரத்தின் மற்ற பெரிய விபத்துகளின் தேதிகளைப் பாருங்கள். மகாபீர், 1989 நவம்பர் 13. சாஸ்நாலா, 1975 டிசம்பர் 27. இறந்தவர்கள் 375 பேர். பாக்டிகி, 2001 பிப்ரவரி 2, 29 பேர். மூன்றும் வானம் வெளுத்திருந்த மாதங்கள். மூன்றிலும் உடைத்துக்கொண்டு வந்தது கைவிட்ட பழைய வேலைப்பகுதிகளில் தேங்கியிருந்த நீர். மகாபீரில் 22 அங்குலத் துளை போட்டு, உள்ளே சிக்கிய 65 பேரை இரும்புக் கூண்டில் மேலேற்றினார்கள். சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே கூண்டில் இறங்கி மீட்பை நடத்தினார். ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு முடிவு வாய்க்காது.

தேங்கிய நீரின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஹெக்டேர் பரப்பு, மூன்று மீட்டர் தடிமனுள்ள படிவு, அதில் நாலில் ஒரு பங்கு வெட்டியெடுத்த கேலரிகள் என்று வைத்துக்கொள்வோம். அவை நிரம்பினால் 7,500 கன மீட்டர். நிமிடத்துக்கு 500 கேலன் இறைக்கும் பம்பு ஓய்வின்றி ஓடினாலும் இரண்டு நாளுக்கு மேலாகும். அழுத்தம் வேறு: 30 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், நடுவில் விட்டிருக்கும் நிலக்கரிச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 30 டன்.

அந்தச் சுவர் எவ்வளவு தடிமன் என்பதைப் பழைய வரைபடம் சொல்லும், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். தேசியமயமாவதற்கு முன் பல சிறு முதலாளிகள் நடத்திய சுரங்கங்கள் இவை. கடைசி மாதங்களில் வெட்டியது வரைபடத்தில் ஏறாமலே போயிருக்கலாம். நீரில்லை என்று உறுதியாகாத பழைய வேலைப்பகுதிக்கு 60 மீட்டருக்குள் நெருங்க, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் முன்அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் நிலக்கரி வெட்டும் முகத்துக்கு முன்னால் குறைந்தது 3 மீட்டர் துளை எப்போதும் போயிருக்க வேண்டும். நடுவில் ஒன்று போதாது, பக்கவாட்டிலும் வேண்டும். துளை வாயில் குழாயைச் சிமென்ட் செலுத்தி இறுக்கி, வால்வு பொருத்தி, அழுத்தச் சோதனை செய்த பிறகே தொடர்ந்து துளையுங்கள். நீர் வந்துவிட்டால் வால்வுக்கு அலைய நேரமிருக்காது.

இனி மேற்பார்வையிடும் ஓவர்மேனும் சர்தாரும் கவனிக்க வேண்டியவை. காய்ந்திருந்த வெட்டுமுகம் வியர்க்கிறதா? கூரையில் புதிய சொட்டு, துருநிறக் கசிவு, அழுகிய முட்டை நாற்றம், ஆக்சிஜன் குறைந்த காற்று: ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்துங்கள். பழைய பகுதியை அடைத்த அணையின் வடிகுழாயில் நீர் திடீரெனக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டு பின்னால் மட்டம் ஏறிக்கொண்டிருக்கலாம். என்னைக் கேட்டால், அதிகரிப்பைவிட இந்தக் குறைவுதான் அதிகம் ஏமாற்றுவது. அணையின் அழுத்தமானியை ஷிஃப்டுக்கு ஒருமுறை எழுதிவையுங்கள்.

மேலே, மழையில் அரித்த நிலவெடிப்புகளை மண் ஈரமாக இருக்கும்போதே களிமண் இட்டு நிரப்பிக் கெட்டிப்படுத்துங்கள். பைரைட் கலந்த நீர் அமிலமாகி இறைப்பான் தகடுகளைத் தின்னும். இந்த மாதமே பம்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், அப்போது மாற்றுப் பம்பு ஓடட்டும்.

தப்பும் வழி, படிவின் மேட்டுப் பக்கமாகப் போகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு ஷிஃப்டையும் அதில் நடத்திக் காட்டுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. ஆட்களை வெளியேற்றும் அதிகாரம் முகத்தில் நிற்கும் சர்தாருக்கே உண்டு என்பதை எழுத்தில் கொடுங்கள். மேலாளருக்குத் தொலைபேசி போடுவது ஆட்கள் நகரத் தொடங்கிய பிறகு நடக்கட்டும்.