புதினாத் தொட்டியில் உப்பு பூத்திருக்கிறதா?

கடலோர ஊர்களில் போர் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் புதினாவின் இலை ஓரம் கருகினால், முதலில் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் உப்புதான். மண் ஈரமாகவே இருந்தாலும், உப்பு ஏறிவிட்டால் வேரால் நீரை இழுக்க முடியாது. செடி குட்டையாகும், இலை சிறுக்கும்.

லேசான உப்பில் சில மூலிகைகளின் இலைகளில் வாசனை எண்ணெயின் செறிவு கூடுவதுண்டு. அதை நம்பி உப்பு நீரையே ஊற்றாதீர்கள். இலையே குறைந்துபோனால் வாசனை கூடி என்ன பயன்?

தொட்டி மண்ணை அலசிவிடுவதே நல்ல வழி. அடித்துளை அடைத்திருந்தால் குத்திவிட்டு, 5 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். விட்டால் அதிலுள்ள உப்பை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். மழைநீர் அருமையானது. ஏசியில் சொட்டும் நீரிலும் உப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆர்ஓ கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம்: வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.