கோடு ஏறினால் குடும்பம் உடைந்ததா?

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டையில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒருவர் சொல்வார்: "இப்பல்லாம் எங்க பாத்தாலும் டைவர்ஸ்தான்." சாட்சிக்குச் செல்போனில் ஒரு வரைபடம், புள்ளியைத் தொட்டால் எண் வரும். பைத்தான் நிரல்மொழியும் பிளாட்லி என்ற வரைபடக் கருவியும் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். அதை வைத்து என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பதில்தான் சிக்கல்.

நம்பிக்கை 1: ஓர் ஆண்டின் விவாகரத்தை அதே ஆண்டின் திருமணத்தால் வகுத்தால், நூற்றுக்கு எத்தனை முறிகிறது என்று தெரிந்துவிடும்.

உண்மை: இந்த ஆண்டு பிரிகிறவர்களில் பெரும்பாலோர் என்றோ மணந்தவர்கள். அமெரிக்காவில் 2019இல் ஆயிரம் பேருக்கு 6.1 திருமணம், 2.7 விவாகரத்து. கொரோனா வந்த 2020இல் 5.1, 2.3. இரண்டுமே குறைந்தன. வகுத்தாலோ 44 சதவீதம் 45 ஆகிறது! விவாகரத்து இறங்கிய ஆண்டில் கோடு ஏறுகிறது. ஒரே ஆண்டில் மணந்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து எண்ணினால்தான் சரியான விடை கிடைக்கும்.

நம்பிக்கை 2: பதிவு கூடினால் கல்யாணம் கூடியிருக்கிறது.

உண்மை: தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24இல் அமலுக்கு வந்தது. 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்றானது. அதுவரை தாலி கட்டி, ஆல்பம் போட்டதோடு முடிந்த கல்யாணங்களும் சார்பதிவாளர் அலுவலகப் படியேறின. அதனால் 2009இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, 'சட்டம் வந்தது' என்று எழுதாத வரைபடம் பாதிக் கதைதான்.

நம்பிக்கை 3: விவாகரத்து குறைவு என்றால் பிரிவும் குறைவு.

உண்மை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம், விவாகரத்து பெறாமலே பிரிந்து வாழ்ந்தவர்கள் சுமார் 35 லட்சம். 2001 அட்டவணையில் இரண்டும் ஒரே பத்தியில் இருந்தன. இரண்டு ஆண்டையும் ஒப்பிட வேண்டுமானால் 2011இன் இரண்டு பத்திகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கோர்ட் கணக்கும் முழுமையல்ல: இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டமே தானாகப் பொருந்தாது. அதன் 2(2) பிரிவு, மத்திய அரசு அறிவிக்காதவரை பட்டியல் பழங்குடியினருக்கு விலக்கு தருகிறது. வழக்கப்படி பெரியவர்கள் முன் தீர்த்துக்கொண்ட பிரிவு கோர்ட் கணக்கில் ஏறாது.

நம்பிக்கை 4: மாவட்டப் பட்டியலில் கள்ளக்குறிச்சியைத் தொட்டால் பழைய கணக்கும் வரும்.

உண்மை: மாவட்டம் பிறந்ததே 2019இல். 2011 கோப்பில் உளுந்தூர்பேட்டை விழுப்புரத்துக்குள் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு அங்கே வெற்றிடம்தான் வரும். வெற்றிடத்தில் பூஜ்யம் நிரப்பும் வரி ஒன்று நிரலில் இருந்தால் போதும்: 2011இல் இங்கே ஒருவர்கூடப் பிரியவில்லை என்று வரைபடம் சாதிக்கும். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்தது 2027இல். அதற்குள் 2011 புள்ளியிலிருந்து மனம்போல நீட்டிய கோடு வெறும் ஊகம்.

புள்ளியைத் தொட்டதும் எண் மட்டும் வந்தால் போதாது. எதை எண்ணியது, எதால் வகுத்தது, எந்த எல்லைக்குள் என்ற மூன்றும் கூடவே வர வேண்டும். இந்த மூன்றையும் எழுத முடியாத புள்ளியை வரையாமலே விட்டுவிடலாம்.