கம்பம் பள்ளத்தாக்கு: பறந்து பார்க்கலாமா, ஏறிப் பார்க்கலாமா?

திருமண நாள், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் விடுமுறை என ஏதாவது ஒரு காரணத்தையொட்டி இந்த யோசனை வரும். ஹெலிகாப்டர் ஒன்றை வாடகைக்குப் பேசி, கம்பம் பள்ளத்தாக்கை மேலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நல்ல இடத்தில் இரண்டு நாள் தங்கி வந்தால் என்ன? செலவழிக்க வசதியும் மனமும் உள்ளவர்களுக்கு என் பதில் இதுதான்: தங்குவதற்குத் தாராளமாகச் செலவழியுங்கள். பறப்பதற்குச் செலவழிக்க வேண்டாம்.

காரணம் இந்த ஊரின் அமைப்பு. பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. மேற்கே கேரள எல்லை நெடுக மலை செங்குத்தாக எழுகிறது. தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். வடக்கே கொடைக்கானலைத் தாங்கும் பழனி மலைத்தொடர். இந்த மலைகளின் விளிம்புக்கே கார் போகிறது. ஹெலிகாப்டரின் சன்னலில் தெரியும் காட்சியைக் கால் ஊன்றி நின்று, வேண்டிய நேரம் வரை பார்க்க முடிகிற ஊர் இது.

பறக்க என்ன வழி?

தேனியில் விமான நிலையம் இல்லை. அருகில் இருப்பது மதுரை. சாலை வழியே சுமார் 80 கிலோமீட்டர். டிக்கெட் வாங்கி ஏறிக்கொள்ளும் சுற்றுலா விமானமும் இங்கே கிடையாது. தனியார் நிறுவனத்திடம் ஹெலிகாப்டரை முழுதாக வாடகைக்கு எடுக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப்புறம் இடுக்கி மாவட்டத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தன. வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற இடத்தில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் ஓடுபாதை அமைத்தார்கள். 2022 டிசம்பர் 1ஆம் தேதி ஈரிருக்கைப் பயிற்சி விமானம் ஒன்று அங்கே இறங்கியது. அது மாணவர் படைப் பயிற்சிக்கானது. 2024 நவம்பர் 11ஆம் தேதி கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய நீர்விமானம் மூணாறு மாட்டுப்பட்டி அணையில் இறங்கியது. அது சோதனை ஓட்டம். யானைகள் நடமாடும் இடம் என்று வனத்துறையிடமிருந்தே அதற்கு ஆட்சேபம் எழுந்தது. இந்தச் செய்திகளின் பழைய படங்களைக் காட்டி யாராவது ‘பேக்கேஜ்’ விற்றால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஹெலிகாப்டர் வாடகை மணிக்கணக்கில், லட்சங்களில் பேசப்படும். நீங்கள் ஏறி அமர்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டணம் என்று நினைக்க வேண்டாம். அது நிறுத்தப்பட்டிருக்கும் ஊரிலிருந்து உங்களிடம் வருவதற்கும் திரும்பிப் போவதற்கும் பெரும்பாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்ற நிபந்தனையும், அதற்கு மேல் வரியும் உண்டு.

கிடைப்பது என்ன? தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை பள்ளத்தாக்கின் நீளம் ஐம்பது கிலோமீட்டர்தான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்னமனூர் வாழைத் தோட்டம், உத்தமபாளையம் வயல், கம்பம் திராட்சைப் பந்தல் எல்லாம் ஒரே பச்சையாகக் கீழே நழுவிப் போகும்.

பறந்தே பார்க்க வேண்டிய இடங்கள் உலகில் உண்டு. காத்மாண்டுவிலிருந்து எவரெஸ்ட்டைக் காட்டும் ஒரு மணி நேர விமானத்துக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. அந்தச் சிகரத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கச் சாமானியருக்கு வேறு எளிய வழி இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நிலை இல்லை.

காற்று, மேகம்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கணவாய்கள் வழியே காற்று இங்கே பாய்ந்து வரும். ஆண்டிபட்டிப் பக்கமும் தேவாரம் பக்கமும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மலை விளிம்பைத் தாண்டி இறங்கும் காற்று சுழன்றடிக்கும். சிறிய ஹெலிகாப்டர் குலுங்கும், விமானி மறுத்தும் விடலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு புழுதி மூட்டம். மிச்சத்தில் நம்பக்கூடியது டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையிலான காலை வேளைகள். உங்கள் சனி, ஞாயிறு அதற்குள் விழ வேண்டும். அன்று மேகமும் விலகியிருக்க வேண்டும். காரில் போனால் மேகம் விலகும்வரை ஒரு டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டரில் ஒவ்வொரு நிமிடமும் காசு.

ஏறிப் பார்க்க நான்கு இடங்கள்

*ராமக்கல்மேடு.* ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் இங்கே போங்கள். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துக்குள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பு சட்டென்று முடிய, பள்ளத்தாக்கு ஏறக்குறைய 700 மீட்டர் கீழே விரியும். சுற்றிக் காட்டும் ஹெலிகாப்டர் இதைவிட உயரத்தில் பறக்க வேண்டிய அவசியமே இல்லை. தென்னந்தோப்பு கரும்பச்சை, நெல் வயல் இளம்பச்சை, உழுத நிலம் செம்மண் நிறம் என்று கட்டம் கட்டமாகத் தெரியும். நேர் கீழே இருப்பது கோம்பைப் பக்கம். கண்மாய்களில் வெயில் பட்டால் எது தண்ணீர், எது தகரக் கூரை என்று பிரித்துச் சொல்லலாம். காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகளின் கையை விடாதீர்கள், தொப்பியும் துப்பட்டாவும் பத்திரம். குறவன் குறத்தி சிலை இருக்கும் குன்று வயதானவர்களுக்குச் சற்று எளிது.

*போடிமெட்டு.* போடியிலிருந்து மூணாறு போகும் நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேல் வளைவுகளில் வண்டியை ஓரமாக நிறுத்த இடம் இருக்கிறது. காரை விட்டு இறங்க முடியாதவர்களும் சன்னலைத் திறந்தே பார்த்துவிடலாம்.

*மேகமலை.* சின்னமனூரிலிருந்து 18 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். முதலில் பள்ளத்தாக்கு, பிறகு தேயிலை, அதன் பிறகு ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு நீர்த்தேக்கங்கள். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் பாதை இது. தென்பழனி சோதனைச் சாவடியில் இரவு நேரத்தில் வண்டிகளை விடுவதில்லை. சின்னமனூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். வனப்பகுதியில் ட்ரோன் கூடாது.

*கொழுக்குமலை.* மண் தேனி மாவட்டத்துடையது. பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியே. 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் கரடுமுரடான பாதையில் ஜீப்தான் போகும். விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள்.

குரங்கணி வழியே நடந்து ஏற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் அங்கே மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். கோடைத் தொடக்கத்தில் தடை இருந்தால் சிபாரிசு தேடாமல் திரும்பிவிடுங்கள்.

வார இறுதித் திட்டம்

சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ரயில் இருக்கிறது. வெள்ளி இரவு சென்னை சென்ட்ரலில் ஏறினால் சனிக்கிழமை காலை தேனி. ஞாயிறு இரவு போடியில் திரும்ப ஏறலாம். நேரத்தை முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேனியில் ஒரு வண்டியை இரண்டு நாளைக்கும் சேர்த்துப் பேசுங்கள். கேரள எல்லை தாண்டப் பெர்மிட் செலவு யாருடையது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

*சனி:* தேனியில் காலைச் சாப்பாடு, சின்னமனூர், மேகமலை. மதியத்துக்குள் அறைக்குப் போய்விடலாம். மாலையில் மகாராஜா மெட்டு வரை சென்று திரும்புங்கள். இருட்டிய பிறகு வெளியே நடக்க வேண்டாம். யானையும் காட்டுமாடும் தேயிலைக்குள் வரும்.

*ஞாயிறு:* விடிந்து சோதனைச் சாவடி திறந்ததும் இறங்கிக் கம்பம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் அனுமதி கேட்டு நுழையுங்கள். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். குலைகள் முகத்துக்கு நேரே தொங்கும். கருநீலப் பழத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு விரல் பட்ட இடத்தில் கலைந்து பளபளக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து அடிக்கும் காலம் மாறுவதால் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள், கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அடுத்து லோயர் கேம்ப். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இங்கே இருக்கிறது. அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, குழாய்களில் இறங்கி, மின்சாரமும் தந்துவிட்டு, இந்த வயல்களுக்கு வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு மேலே போனால் ராமக்கல்மேட்டில் பார்க்கும் ஒவ்வொரு பச்சைக் கட்டத்துக்கும் அர்த்தம் புரியும். அதனால் லோயர் கேம்ப் முதலில், ராமக்கல்மேடு பிறகு. மூன்று மணி வாக்கில் விளிம்பில் நின்றால் மேற்கு வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். நான்கரை மணிக்குக் கிளம்பி, கம்பம்மெட்டு இறங்கி, தேவாரம் வழியே போடி.

மலைப்பாதையில் காலையிலும் மாலையிலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் ஜீப்புகள் வரிசையாக வரும். வேலைக்குப் போகிறவர்களின் நேரம் அது. ஏறும் வண்டிக்கு வழிவிட்டு, வளைவில் படம் எடுப்பதைத் தவிருங்கள்.

சொகுசுக்கு எங்கே செலவழிப்பது?

முதலில் அறை. மேகமலையில் பழைய தேயிலைத் தோட்ட பங்களாக்களில் அறைகள் குறைவு. வார இறுதிக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். குளமும் மசாஜும் வேண்டும் என்பவர்கள் மேகமலையை விட்டுவிட்டுக் குமுளி, தேக்கடிப் பக்கம் தங்கலாம். அடுத்து, மலைப்பாதை பழகிய ஓட்டுநர். அவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் நல்லதாக ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பாதுகாப்பு அவர் தூக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது, இன்னொரு நாள். திங்கள்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தால் கொழுக்குமலை விடியலையும் சேர்த்துவிடலாம்.

அப்படியும் பறக்கத்தான் வேண்டுமா?

சிலருக்கு ஹெலிகாப்டரில் ஏறுவதே வாழ்நாள் ஆசை. அது மதிக்க வேண்டிய ஆசை. அவர்கள் பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நிறுவனத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) உரிமம் இருக்கிறதா? வந்துபோகும் செலவு கட்டணத்தில் அடங்குமா? வானிலையால் ரத்தானால் பணம் முழுதாகத் திரும்புமா? எங்கே இறங்கும், அந்த இடத்துக்கு அனுமதி வாங்குவது யார் பொறுப்பு? ஆட்களின் எடை, சாமான் எடை எவ்வளவு வரை? ஒரு கேள்விக்கு மழுப்பல் வந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். பதில் எல்லாம் சரியாக இருந்தால் ஜனவரி மாதத்துக் காலை நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், வீட்டார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரலாம். செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் இந்தப் பள்ளத்தாக்கின் ஓட்டுநருக்கும், பங்களாச் சமையல்காரருக்கும், திராட்சை விவசாயிக்கும் போய்ச் சேரும். நீங்களும் கால் மணி நேரத்துக்குப் பதில் இரண்டு முழு நாள் இந்த மலைகளைப் பார்த்திருப்பீர்கள்.