பனிப்போர்வையின் கீழே எரிமலை

நுழையும்முன்

நீரும் நெருப்பும் ஓரிடத்தில் சேர்ந்திரா என்பர். ஆயினும், தடித்த பனிப்பாளத்தின் கீழே எரிமலை கனன்றுகொண்டிருக்கும் நாடு ஒன்று உண்டு. அங்கே மக்கள் பனியாற்றின்மீது நடந்து செல்கின்றனர். அதன் அருகிலேயே ஊர் அமைத்தும் வாழ்கின்றனர். அவர்களுக்குத் துணையாக நிற்பது எது? இப்பாடத்தைப் படித்து அறிவோம்.

தீயும் பனியும்

வட அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த தீவுநாடு ஐஸ்லாந்து. வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் இந்நாட்டின் ஊடே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிச் செல்கின்றன. அவ்விடைவெளியில் பாறைக்குழம்பு மேலெழுவதால் எரிமலைகள் தோன்றுகின்றன. இந்நாடு வடதுருவ வட்டத்தை அடுத்திருப்பதால், உயர்ந்த எரிமலைகள் சிலவற்றைப் பனி மூடியுள்ளது.

அவற்றுள் ஒன்று கட்லா. தென்பகுதியிலுள்ள மிர்டால்ஸ்யோகுல் என்னும் பனிக்கவிகையின் கீழே இது மறைந்துள்ளது. ‘யோகுல்’ என்னும் ஐஸ்லாந்துச் சொல்லுக்குப் பனியாறு என்பது பொருள். இவ்வெரிமலையின் உச்சியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் உள்ளது. அதனை நிரப்பியிருக்கும் பனியின் தடிமன் சில இடங்களில் 700 மீட்டரை எட்டுகிறது. மேலிருந்து காண்போர் கண்ணுக்கு வெண்மையான சமவெளியே தெரியும், எரிமலை தெரியாது.

பனியாற்றில் நடை

மிர்டால்ஸ்யோகுலிலிருந்து நாக்குப்போல் நீண்டு இறங்கும் பனியாறு சோல்ஹெய்மாயோகுல். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இது உள்ளது. பயணிகள் வழிகாட்டியின்றி இதன்மேல் ஏறுதல் கூடாது. காலணியின் அடியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, தலைக்கவசம் அணிந்து, பனிக்கோடரி ஏந்தி, வழிகாட்டியின் பின்னே ஒருவர்பின் ஒருவராக நடத்தல் வேண்டும்.

பனியாறு தூய வெண்மையாக இருக்கும் என எண்ணி வருவோர் வியப்படைவர். பனியின் இடையே கரிய கோடுகள் காணப்படும். அவை பழைய வெடிப்புகளின்போது படிந்த எரிமலைச் சாம்பல். சில இடங்களில் சாம்பல் கூம்புகள் நிற்கும். தடித்த சாம்பல் வெயிலைத் தடுப்பதால் அதன் கீழுள்ள பனி மெதுவாக உருகுகிறது. சுற்றியுள்ள பனி விரைந்து உருகுகிறது. எனவே அவ்விடம் மேடாக எஞ்சுகிறது. ஆழ்ந்த பிளவுகளுக்குள் நோக்கினால் பனி நீலநிறமாக ஒளிரும். செறிந்த பனி, ஒளியின் செந்நிறத்தை உறிஞ்சி நீலத்தை வெளிவிடுவதே அதற்குக் காரணம்.

பனியாற்றிலிருந்து புறப்படும் ஆற்றுக்கு ‘நாறும் ஓடை’ என்னும் பழம்பெயரும் உண்டு. எரிமலையின் வெப்பத்தால் உருகிய நீரில் கந்தக வாயு கலந்து வருவதால், அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். கண்ணுக்குப் புலப்படாத எரிமலையை மூக்கு அறிந்துகொள்கிறது!

1918இல் நிகழ்ந்தது

1918ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கட்லா வெடித்தது. பனிப்பாளம் உருகிப் பெருவெள்ளமாகப் பாய்ந்தது. வீடளவு பனிக்கட்டிகளும் மணலும் பாறையும் சமவெளியெங்கும் புரண்டோடின. வெள்ளம் கொண்டுவந்து குவித்த மணலால் தென்கரை கடலுக்குள் நீண்டது. மூன்று வாரங்களுக்கும் மேலாக நீடித்த வெடிப்பின் சாம்பல் படிந்து மேய்ச்சல் நிலங்கள் பாழாயின.

அதன்பின் அத்தகைய பெருவெடிப்பு கட்லாவில் நிகழவில்லை. ஆயினும் எரிமலை அடங்கிவிடவில்லை. 2011ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பனிக்கடியிலிருந்து பாய்ந்த வெள்ளம் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றை அடித்துச் சென்றது.

விழிப்பே காவல்

கட்லாவின் தெற்கே கடற்கரையில் அமைந்த சிற்றூர் வீக். அவ்வூரின் தேவாலயம் குன்றின்மேல் உள்ளது. வெள்ளம் வருமெனின் மக்கள் அம்மேட்டில் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கான பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்படுகிறது.

ஐஸ்லாந்து வானிலை ஆய்வுநிலையம் நிலநடுக்கமானிகளால் கட்லாவைக் கண்காணிக்கிறது. ஆற்றுநீரின் மின்கடத்துதிறனும் அளக்கப்படுகிறது. அது மிகுமானால், எரிமலை வெப்பத்தில் உருகிய நீர் ஆற்றில் கலந்துள்ளது என உணர்ந்து எச்சரிக்கை விடுக்கின்றனர். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில், அருகிலுள்ள எய்யாஃப்யாட்லாயோகுல் வெடித்தபோது, ஏறத்தாழ 800 பேர் உரிய காலத்தில் வெளியேற்றப்பட்டனர். அதன் நுண்சாம்பலால் ஐரோப்பிய வான்வழிப் போக்குவரத்துப் பல நாள் முடங்கியது.

இங்கே மாணவர்க்கும் பங்குண்டு. அவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பினர், 2010ஆம் ஆண்டுமுதல் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சோல்ஹெய்மாயோகுலின் முனை எவ்வளவு பின்வாங்கியது என அளந்து பதிவு செய்கின்றனர். புவி வெப்பமடைதலால் பனியாறு சுருங்க, அதன் முன்னே ஏரி ஒன்று விரிந்துள்ளது. முன்பு பனி கிடந்த இடத்தில் இன்று நீர் கிடப்பதை அவர்களின் அளவுகளே காட்டுகின்றன.

எரிமலையை அடக்கும் ஆற்றல் மனிதர்க்கு இல்லை. அதன் குறிப்பை அறிந்து வருமுன் காத்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் பெருவெள்ளம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். அங்கே எரிமலை இல்லை. எனினும், மலைமேல் உள்ள பனியையும் நீரையும் இடைவிடாது கவனித்தல் வேண்டும் என்னும் பாடம் ஒன்றே.

சொற்பொருள்

பனிக்கவிகை – நிலப்பரப்பைக் குடைபோல் மூடிய பெரும்பனி
பாறைக்குழம்பு – புவியின் உள்ளே உருகிய நிலையிலுள்ள பாறை
கனலுதல் – உள்ளே எரிதல்
திங்கள் – மாதம்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பனியாறு, செந்நிறம், நுண்சாம்பல்.
2. பனியாற்றில் சாம்பல் கூம்புகள் எவ்வாறு உண்டாகின்றன?
3. ஆற்றுநீரின் மின்கடத்துதிறனை அளப்பதன் பயன் யாது?
4. “கண்ணுக்குப் புலப்படாத எரிமலையை மூக்கு அறிந்துகொள்கிறது” – விளக்குக.
5. உம் ஊரில் நேரக்கூடிய இயற்கை இடர் ஒன்றைக் குறிப்பிட்டு, மக்கள் கூடுவதற்குப் பாதுகாப்பான இடம் எது என்பதைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.