கண்ணாடியில் தெரியும் பகைவன்

வண்ண மீன் விற்கும் கடைக்குப் போயிருப்பீர்கள். பெரிய தொட்டிகளில் மீன்கள் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்க, ஓர் அலமாரியில் மட்டும் சிறு சிறு புட்டிகள் வரிசையாக இருக்கும். புட்டிக்கு ஒரு மீன். இரண்டு புட்டிகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டு. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்த அட்டையைச் சற்றே உருவிப் பாருங்கள். அதுவரை சோம்பிக் கிடந்த இரண்டு மீன்களும் துடுப்புகளை விசிறிபோல் விரிக்கும். செவுள் மூடிகளைப் புடைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று முறைக்கும். அட்டையைத் திரும்பச் செருகினால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

இதுதான் 'ஃபைட்டர்' என்று நாம் சொல்லும் சயாமியச் சண்டை மீன். விலங்கியலில் இதன் பெயர் பெட்டா ஸ்பிளெண்டென்ஸ். தாய்லாந்து மக்கள் 'பிளா கட்', அதாவது கடிக்கும் மீன் என்பார்கள். அந்நாட்டு அரசு 2019-இல் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல் வயல்களிலும் புல் மண்டிய ஆழமற்ற நீரிலும் வாழும் மீன் இது. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவு. ஆகவே செவுள்களுக்கு மேலுள்ள ஒரு தனி உறுப்பின் உதவியால் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கிறது. புட்டியில் பிழைத்துக் கிடப்பதும் இதனால்தான். அதற்காகப் புட்டியே அதற்கு நல்ல வீடு என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆண் மீன் நீர்ப்பரப்பில் எச்சில் பூசிய காற்றுக்குமிழிகளால் நுரைக்கூடு கட்டும். கூட்டைச் சுற்றியுள்ள சிறு பரப்பு அதன் எல்லை. அங்கே வேறோர் ஆண் தலைகாட்டினால் முறைப்பு, பிறகு கடி. வயலில் தோற்ற மீன் புல்லுக்குள் ஓடி மறைந்துவிடும். புட்டியில் எங்கே ஓடுவது? போதாததற்கு, பந்தயம் கட்டும் மனிதர்கள் மூர்க்கமான மீன்களையே பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு மீனில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த மீனின் சண்டையில் பாதி ஒளியியல் பாடம். எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால் அது தன் பிம்பத்தோடேயே போருக்கு நிற்கும். (ஓரிரு நிமிடம் போதும், நாள் முழுதும் வைத்தால் மீன் களைத்துவிடும்.) ஆனால் கண்ணாடியே வைக்காமல், இரவில் மட்டும் சில மீன்கள் தொட்டிச் சுவரோடு மல்லுக்கு நிற்பது ஏன்?

ஒளி நீரிலிருந்து கண்ணாடிச் சுவருக்குள் நுழையும்போது 100-க்கு 0.4 பங்குதான் திரும்புகிறது. சுவரின் மறுபக்கத்தில், கண்ணாடியும் காற்றும் சேரும் இடத்தில், சுமார் 4 பங்கு திரும்புகிறது. பகலில் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் இந்த மங்கலான பிம்பத்தை அமுக்கிவிடும். இரவில் அறை விளக்கை அணைத்துத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டாலோ, கரிய பின்னணியில் அந்த 4 பங்கே போதும். இரவில் ரயில் ஜன்னலில் உங்கள் முகம் தெரிவதும் இப்படித்தான். ஆகவே தொட்டி விளக்கை முதலில் அணையுங்கள். சுவரை மறைக்க வெளிப்புறம் தாள் ஒட்டுவதானால் கறுப்புத் தாள் வேண்டாம். அது தொட்டியை இன்னும் நல்ல கண்ணாடியாக்கிவிடும்! வெளிர் நிறத் தாள் தொட்டி விளக்கின் ஒளியைச் சிதறடித்துப் பிம்பத்தை மறைக்கும்.

மீனுக்குப் பகைவன் என்பது ஒரு காட்சி. நெதர்லாந்தின் லைடன் நகரில் டின்பெர்கன் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீன்களை ஜன்னலோரத் தொட்டிகளில் வைத்திருந்தார். இனப்பெருக்கக் காலத்தில் அந்த ஆண் மீனின் வயிற்றுப்புறம் சிவக்கும். தெருவில் சிவப்பு நிறத் தபால் வண்டி போனபோது, ஆண் மீன்கள் அதை விரட்டுவதுபோல் ஜன்னல் பக்கம் பாய்ந்தனவாம்! விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அவர் 1973-இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதிலும் இதே காட்சிதான் உதவுகிறது, அதே காட்சிதான் கொல்லவும் செய்கிறது. பெண்ணைக் கண்டாலும் ஆண் முதலில் துடுப்பை விரித்துச் செவுளைப் புடைக்கும். பெண் துடுப்பை ஒடுக்கித் தலை தாழ்த்தி நின்றால் விரட்டு மெல்லக் குறையும். முட்டையிடத் தயாராகாத பெண் ஓடும், ஆண் துரத்திக் கடிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நான் இதை அறியாமல் ஒரு மாலையில் பெண் மீனை நேரே தொட்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது வால் கிழிந்து, செத்து மிதந்தது.

அடுத்த முறை அரிக்கேன் விளக்கின் சிம்னி கைகொடுத்தது. தொட்டியில் நீர் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். சிம்னியை அதில் நிறுத்தி, மேல்விளிம்பு நீருக்கு மேலே இருக்கும்படி வைத்து, பெண்ணை அதற்குள் விட வேண்டும். இரண்டும் பார்த்துக்கொள்ளலாம், கடிக்க முடியாது. ஓரிரு நாளில் ஆண் நுரைக்கூட்டைக் கட்டி முடிக்கும். பெண்ணின் வயிறு பருத்து, உடலில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் தோன்றினால் சிம்னியை எடுக்கலாம். உடலின் நீளவாக்கில் கோடுகள் தெரிந்தால் அது இன்னும் பயத்தில் இருக்கிறது, பொறுங்கள். எப்படியும் ஓர் உடைந்த கொட்டாங்குச்சியும் கொஞ்சம் பாசியும் தொட்டியில் இருக்கட்டும். வயலின் புல் செய்த வேலையை அவை செய்யும்.

கூட்டின் கீழே ஆண் பெண்ணை வளைத்துத் தழுவ, முட்டைகள் உதிரும். ஆண் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இப்போது ஆணுக்கு அதுவும் அந்நியமே. ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். நுரையிலிருந்து நழுவி விழும் குஞ்சுகளை ஆண் ஓயாமல் பொறுக்கித் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும். மேலும் சில நாளில் அவை தாமாகக் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் பிரித்துவிடுங்கள். தாமதித்தால் குஞ்சுகளைத் தின்றுவிடக்கூடும்.